அடுத்த ஸ்டேஷனில் நில்

தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனில் வண்டி நிற்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஏறியிருப்பது பாஸ்ட் வண்டி.

இருபது வருஷமாக இதே தடத்தில் போய் வருகிறாள். எது பாஸ்ட், எது ஸ்லோ என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். இன்றைக்கு மாம்பலத்தில் படியிறங்கி ஓடிவந்த வேகத்தில் பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வந்த வண்டியில் ஏறிவிட்டாள்.

"எங்கக்கா இறங்கணும்?" மடியில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த பெண் கேட்டாள்.

ஊரைச் சொன்னாள்.

"அங்க நிக்காதே இது."

தெரியும்.

மணி ஐந்து முப்பது. அவள் ஊர் ஸ்டேஷனில் மகள் காத்திருக்கிறாள். ஆறு மணி வரைக்கும்தான்.

சங்கவி தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு ஒரு வருஷம் ஆகிறது. அப்பா கதவைச் சாத்தினார். அம்மா போனை வைத்தாள். இனிமே எனக்குப் போன் பண்ணாத என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாள். பாழாய்ப்போன வாய்.

நேற்று புது எண்ணிலிருந்து செய்தி வந்தது. அவருக்குப் புனேயில் வேலை. நாளை ராத்திரி கிளம்புகிறோம். வீட்டுக்கு வரமாட்டேன். ஸ்டேஷனில் ஆறு மணி வரை இருப்பேன். நீ வராவிட்டால் புரிந்துகொள்வேன்.

அந்தக் கடைசி வரிதான் இன்று முழுவதும் அவளை அரித்தது. பக்கத்திலிருந்தவளிடம் இரண்டே வரியில் விஷயத்தைச் சொன்னாள்.

"போன் பண்ணிச் சொல்லிருங்கக்கா. இந்தாங்க." அவரைக்காய்க்காரி தன் போனை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டாள். விரல் எந்த எண்ணையும் தொடவில்லை.

அவள் வேலை பார்க்கும் துணிக்கடையில் காலையிலேயே போனை வாங்கிப் பூட்டிவைத்துவிடுவார்கள். பெர்மிஷன் கிடைத்ததும் புடவைக் கட்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவளுக்கு அது ஞாபகமே வரவில்லை. புது எண் அந்தப் போனுக்குள் இருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்தது புருஷன் எண் ஒன்றுதான்.

போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வாசலுக்கு நகர்ந்தாள். கூட்டம் வழிவிட்டது. விஷயம் அதற்குள் பெட்டி முழுக்கப் பரவியிருந்தது.

"பொண்ணு பேரு என்னக்கா?"

"சங்கவி."

லெவல் கிராசிங். தண்ணீர்த் தொட்டி. பாதியில் நின்றுபோன அடுக்குமாடி.

பிளாட்பாரம்.

நாலாவது பெஞ்ச். பச்சைச் சுடிதார். காலடியில் ஒரு பை. மெலிந்திருந்தாள். தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வண்டியை அவள் எதற்கு நிமிர்ந்து பார்க்கவேண்டும்? இது நிற்காது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"சங்கவீ!"

கத்தியது அவள் மட்டுமில்லை. ஜன்னல்களில் இருந்தவர்கள், வாசலில் நின்றவர்கள், அவரைக்காய்க்காரி, எல்லோரும் கத்தினார்கள்.

பெஞ்ச் பின்னால் போயிற்று. தூண். டீக்கடை. நடைமேம்பாலத்தின் படி.

நிமிர்ந்தாளா?

"பார்த்த மாதிரி இருந்துச்சு" என்றாள் ஒருத்தி.

"இல்ல, தூண் மறைச்சிருச்சு" என்றாள் இன்னொருத்தி.

வண்டி அடுத்து நின்ற ஸ்டேஷனில் குதிக்காத குறையாக இறங்கினாள். ஐந்து நாற்பத்தொன்று. இரண்டு பக்கமும் தண்டவாளம், நடுவில் ஒரே மேடை. மூன்று நிமிஷத்தில் எதிர்ப்பக்கம் சென்னைக்குப் போகிற வண்டி. அதில் ஏறினால் ஆறுக்கு முன்னால் மகளிடம் போய்விடலாம்.

மகள் அங்கேயே இருந்தால்.

அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

சங்கவிக்கு ஏழு வயது. மாம்பலம் நெரிசலில் குழந்தை ஏறிவிட்டாள், இவளால் ஏறமுடியவில்லை. அடுத்த ஸ்டேஷனில், பெண்கள் பெட்டி நிற்கும் பலகைக்குக் கீழே, கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் குழந்தை. போலீஸ்காரர் கூப்பிட்டும் வரவில்லையாம். அம்மா சொல்லியிருக்காங்க என்றாளாம்.

அம்மா சொல்லியிருந்தது இதுதான். பிரிஞ்சுட்டா, போனவங்க அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி அங்கேயே நிக்கணும். வண்டியை விட்டவங்க பின்னால வர்ற வண்டியில வரணும். ரெண்டு பேரும் தேடிக்கிட்டு அலையக் கூடாது.

இன்றைக்குப் போனது அம்மா.

மகள் நிமிர்ந்து பார்த்திருந்தால் பின்னால் வரும் ஸ்லோ வண்டியில் ஏறியிருப்பாள். இவளும் திரும்பிப் போனால் இரண்டு வண்டியும் நடுவில் ஒன்றையொன்று தாண்டிப் போகும்.

பார்க்காமல் இருந்திருந்தால்?

ஆறு மணிக்கு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொள்வாள். புரிந்துகொள்வாள்.

சென்னை வண்டி வந்து நின்றது. அவள் முன்னால் வாசல் திறந்து கிடந்தது. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

எடுத்துவிட்டாள்.

வண்டி கிளம்பிப் போயிற்று. கடைசிப் பெட்டியும் போனபிறகுதான் தோன்றியது. தப்புச் செய்துவிட்டாள். ஒரு வருஷம் பேசாத பெண், ஏழு வயதில் கேட்டதையா ஞாபகம் வைத்துக்கொண்டிருப்பாள்?

பெண்கள் பெட்டி நிற்கும் பலகையைத் தேடிப்போய் அதற்குக் கீழே நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து நாற்பத்தெட்டு.

ஐம்பது.

ஐம்பத்துமூன்றுக்கு ஸ்லோ வண்டி வளைவில் திரும்பியது. வேகம் குறைந்தது. வாசலெல்லாம் தலைகள். கம்பியை விடாமல் எட்டி எட்டிப் பார்த்தாள்.

ஒரு பை வெளியே நீண்டது. அதன் பின்னால் ஒரு கால், ஓடுகிற வண்டியிலிருந்து மேடையை நோக்கி இறங்கியது.

"அடியே, வண்டி நிக்கட்டும்டி! நின்னப்புறம் இறங்கு!"