எரிவது எந்த வீடு?

"சார், நெருப்புன்னு வந்திருக்கு. ஆனா யார் வீடுன்னு தெரியல!"

சைரன் அக்கா போட்ட கூச்சலில் சூப்பர்வைசரின் டீ சட்டையில் கொட்டியது. அவளுக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தத் தொண்டையால்தான். வாய்த்த வேலையும் அதற்கேற்ற வேலை. ஊரிலுள்ள வீடுகளிலும் கடைகளிலும் அலாரம் அடித்தால் செய்தி இந்த அறைக்கு வரும். இவள் போன் போட்டு ஆளை உஷார்ப்படுத்துவாள். தேவைப்பட்டால் தீயணைப்பு வண்டியை அனுப்பச் சொல்லுவாள்.

"தெரியலைன்னா என்னம்மா அர்த்தம்? ஸ்கிரீன்ல பேரு, அட்ரஸ் எல்லாம் வருமே?"

"வந்தா நான் ஏன் சார் கத்தறேன்? 'இந்த எண்ணுக்கு ஆள் இல்லை'ன்னு சிவப்பா ஒரு வரி நிக்குது. அவ்வளவுதான்."

சூப்பர்வைசர் மூலையில் உட்கார்ந்திருந்த கம்ப்யூட்டர்காரரை முறைத்தார். பழைய சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு அன்று காலைதான் புதியதை மாட்டியிருந்தார் அவர். அதிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என்னை ஏன் சார் பார்க்கறீங்க? ஒரு கஸ்டமரைக்கூட விடல. ஒவ்வொரு பேரா நானே சரிபார்த்து ஏத்தினேன். என் பிள்ளை மேல சத்தியம்."

"அப்ப இவன் ஆகாசத்துல இருந்து குதிச்சானா?"

அலமாரியில் இருந்த ரிசீவர் பெட்டி மறுபடி கீச்சிட்டது. அலாரங்கள் போன் லைனில் கூப்பிட்டால் முதலில் எடுப்பது அந்தப் பெட்டிதான். அதற்கு மனிதர்களைத் தெரியாது. ஒரு எண், என்ன ஆபத்து, கட்டடத்தில் எத்தனையாவது இடம், இவ்வளவுதான் தெரியும். அதை அப்படியே கம்ப்யூட்டருக்குத் தள்ளும். பெயரும் விலாசமும் தேடிப் போடுவது கம்ப்யூட்டரின் பாடு. கம்ப்யூட்டர் 'வாங்கிக்கொண்டேன்' என்று பதில் சொல்லிவிட்டால் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். ஆள் கிடைத்தாரா இல்லையா என்று அது கேட்பதில்லை.

"அதே எண் சார்! இப்ப ரெண்டாவது இடத்துலயும் புகை. பரவுது சார்!"

"பதறாதம்மா. நம்மகிட்ட வேணாம்னு விட்டுப் போனவன் எவனாவது இருப்பான். அலாரத்தைக் கழட்டாம வெச்சிருப்பான். அது சும்மா கிடந்து கூப்பிடுது."

"விட்டுப் போனவன் வீட்ல நெருப்பு சுடாதா சார்?"

கதவைச் சாத்திக்கொண்டு மதியத் தூக்கம் போடும் யாரோ ஒரு தாய், பக்கத்தில் ஒரு குழந்தை என்று அக்காவின் மனம் கண்டபடி படம் காட்டியது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"நெருப்பு சார், சீக்கிரம் வண்டி அனுப்புங்க!"

"எந்த இடம்மா?"

"அது... தெரியல சார்."

"தெரியாமயா கூப்பிடறீங்க? வண்டியை எந்தப் பக்கம் திருப்பச் சொல்றது?"

"லைன்லயே இருங்க சார், இதோ சொல்றேன்" என்று சூப்பர்வைசரிடம் திரும்பினாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். திடீரென்று கம்ப்யூட்டர்காரர் எழுந்து ரிசீவரிடம் ஓடினார்.

"எந்த போன்ல இருந்து கூப்பிட்டுச்சோ அந்த நம்பரை இது காட்டுமே! கம்ப்யூட்டருக்குத் தெரியாட்டி என்ன, பெட்டிக்குத் தெரியும்!"

பெட்டியின் சின்னத் திரையில் பொத்தானை அழுத்தி அழுத்திப் பின்னால் போனார். கிடைத்தது. அவர் ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க, அக்கா இன்னொரு லைனில் அழுத்தினாள். காதை முழுதாக மூடும் ஹெட்போனை இரண்டு கைகளாலும் அமுக்கிக்கொண்டாள்.

"ரிங் போகுது சார்!"

"எடுங்க... யாராவது எடுங்களேன்..." அக்கா கெஞ்சினாள். "யாரும் எடுக்கல சார். மயங்கிக் கிடக்கறாங்களோ என்னமோ!"

"கட் பண்ணிட்டுத் திரும்பப் போடு. விடாதே!" என்ற சூப்பர்வைசர், சாத்தியிருந்த வராந்தாக் கதவைப் பார்த்து எரிந்து விழுந்தார். "எதிர்ல இன்வெர்ட்டர் பேட்டரி ரூம்ல வேற போன் உயிரை வாங்குது. யாராவது போய் எடுத்துத் தொலைங்களேன்ப்பா! ஒரு உயிர் ஊசலாடற நேரத்துல..."

அக்கா கட் செய்தாள்.

"அப்பாடா, நின்னுது" என்றார் சூப்பர்வைசர்.

மறுபடி போட்டாள்.

"பார்த்தியா, திரும்ப ஆரம்பிச்சிட்டான்!"

அக்கா மெதுவாக ஹெட்போனைக் கழற்றினாள். எதிர் அறையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. விரலை வைத்துக் கட் செய்தாள். மணி நின்றது.

கம்ப்யூட்டர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "கஸ்டமர் எல்லாரையும் ஏத்திட்டேன் சார்" என்றார். "நம்ம ஆபீஸ் அலாரத்தை... நாம யாருக்கும் கஸ்டமர் இல்லையே சார்..."

சூப்பர்வைசர் பாய்ந்து போய் வராந்தாக் கதவின் கைப்பிடியைப் பற்றினார். பற்றிய வேகத்தில் அலறிக்கொண்டு கையை இழுத்துக்கொண்டார்.