கதவுக்கு முட்டு

மதிய வெயில் பட்டறைக்குள் சாய்ந்து விழுகிறது. பாதி இழைத்த கதவு மேஜைமேல் கிடக்கிறது. பக்கத்தில் விரிசல் விட்ட இழைப்புளி. தச்சு வேலை செய்யும் பெண் செல்போனில், பழைய கருவிகளை ஏலம் விடும் தளத்தில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகிறாள். ஒரு டிரில்லிங் மெஷின் படத்தில் விரல் நிற்கிறது. மூலையைப் பெரிதாக்குகிறாள். விற்பவர் வீட்டுக் கதவடியில், தூசி மண்டிப்போய், ஓர் இரும்பு இழைப்புளி. படத்தின் கீழிருந்த எண்ணை உடனே கூப்பிடுகிறாள். "அண்ணே, மெஷின் வேணாம். கதவுக்கு அடியில முட்டு குடுத்திருக்கீங்களே, அதைத் தர்றீங்களா?" "அந்தத் துருப்பிடிச்சதாம்மா? அதை எடுத்தா கதவு நிக்காதே!" போனில் உரக்கக் கேட்ட பதிலுக்கு, பக்கத்தில் நின்ற அவள் கணவன் சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பிக்கொள்கிறான். அவள் சிரிக்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு மரத்துண்டை எடுத்து உளியால் ஆப்பு சீவ ஆரம்பிக்கிறாள். "நிக்கும்ணே. அட்ரஸ் சொல்லுங்க."