எந்த நாரை எடுப்பது?

"முழங்கால் சவ்வு அறுந்துபோச்சு. காலிலை வேறை இடத்து நார் எடுத்துத்தான் கட்டவேணும்," என்றார் டொக்டர். "முழங்காலுக்கு முன்பக்கத்து நார் நல்ல பலம். ஆனால் பிறகு முழங்காலிலை நிக்க நோகும். தொடைக்குப் பின்பக்கத்திலை எடுத்தால் அந்த நோ குறைவு, தொடையின்ரை பலம்தான் கொஞ்சம் குறையும். பிள்ளைக்கு என்ன வேலை?"

நிசாந்தினி வாய் திறக்க முன்னமே அம்மா முந்திக்கொண்டாள். "பட்டதாரி, டொக்டர். கந்தோரிலை கதிரையிலை இருந்து செய்யிற வேலை. கந்தோர்ப் படியிலைதான் வழுக்கி விழுந்தவள்."

"அப்ப முன்பக்கத்திலை எடுப்பம். முழங்காலிலை நிக்கிற தேவை இராதுதானே?"

"நாங்கள் சைவம். முழங்காலிலை நிண்டு கும்பிடுறேல்லை," என்று அம்மா சிரித்தாள்.

டொக்டர் எழுதத் தொடங்கினார்.

"பின்பக்கத்திலை எடுங்கோ, டொக்டர்," என்றாள் நிசாந்தினி. "நாள் முழுக்க முழங்காலிலை நிக்கிற வேலை. முகமாலையிலை கண்ணிவெடி எடுக்கிறன். இந்தப் பட்டத்துக்கு நாலு வருசமா ஒருத்தரும் வேலை தரேல்லை. அம்மாவுக்குக் கந்தோர் எண்டு பொய் சொன்னனான்."

அம்மா மகளைப் பார்க்காமலே டொக்டரிடம் சொன்னாள்:

"முன்பக்கத்திலையே எடுங்கோ. இவள் இனி முழங்காலிலை நிக்கக்கூடாது."