இரண்டாவது வரி

சூடம் அணைத்துச் சொல்லலாம், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குலசேகரனும் ஆசீர்வாதமும் தங்கள் பெயரில் இருந்த தமிழ்த் தட்டச்சு மென்பொருளுக்காகப் பதினோரு வருடம் வழக்காடினார்கள்.

“எல்லாருக்கும் சும்மா குடுத்திருவோம்டே” என்றார் ஆசீர்வாதம்.

“கண்ணு பூத்துப்போக எழுதினது ஊருக்குத் தானம் பண்ணவா? லைசென்ஸ் போட்டு விப்போம்” என்றார் குலசேகரன்.

நீதிபதி அந்த மென்பொருள் நிரலின் ஒற்றைப்படை வரிகளைக் குலசேகரனுக்கும் இரட்டைப்படை வரிகளை ஆசீர்வாதத்துக்கும் பிரித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து குலசேகரன் எதை அடித்தாலும் ஒன்று விட்டு ஒரு வரிதான் அச்சாகும்.

ஆசீர்வாதம் படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் குலசேகரன் அவருக்குக் கடிதம் அடித்தார். நலம் விசாரித்த முதல் வரி வந்தது. மூன்றாவதாகக் கையெழுத்து வரி வந்தது. நடுவில் வெறும் வெள்ளை.

“அந்த ஒரு வரியைக் கையாலதான் எழுதிருங்களேன்” என்றாள் மனைவி.

“அது அவனுக்குச் சொந்தமான வரிம்மா. நான் தொடக்கூடாது” என்று சொல்லி அப்படியே மடித்துத் தபாலில் போட்டார்.

அச்சாகாத வரி இது: ‘யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருளில் அவர் பெயரை அழித்தது மட்டும்தான் நம் வேலை என்று நான் கோர்ட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும்.’