இலையைக் காணோம்

மகளின் நிச்சயதார்த்த விருந்தை சௌந்தரபாண்டி தன் கையாலேயே சமைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனதும் பந்திக்கு ஓடினார். இலையை உள்பக்கமாக மடித்திருந்தால் திருப்தி, சம்பந்தம் நிலைக்கும். வெளிப்பக்கமாக மடித்திருந்தால் இழவு வீட்டுக் கணக்கு, எல்லாம் முடிந்தது.

மேசை நெடுகச் சோறும் அவியலும் குவியல் குவியலாகக் கிடந்தன. பாயசம் ஓரமாக வழிந்து கொண்டிருந்தது. இலைகளைத்தான் காணோம்.

"என்ன சம்பந்தி இது?" என்றார், கை கழுவிவிட்டு வந்தவரிடம்.

மாப்பிள்ளையின் அப்பா தங்கமாரி நிறைவாக ஏப்பம் விட்டார். "போன வருசம் குடும்பத்தோட ஆட்டு வயித்து பாக்டீரியா ஏத்திக்கிட்டோம். அதுகளுக்கு இலை தழைதான் தீனி. சோறு உள்ள போனா அதுக செத்துரும். அப்புறம் எங்களுக்குக் கக்கூஸ்தான் வீடு."

"அப்ப இலைய மடிக்கவே இல்லையா?"

"மடிச்சுத்தானே வாயில வச்சோம்! உள்பக்கமாத்தான்."

சௌந்தரபாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில், "விருந்துல குறை ஒண்ணுமில்லையே?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

தங்கமாரி சங்கடமாக நெளிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீக சம்பந்தி. கல்யாணத்தன்னைக்காவது மேல எதையும் கொட்டி இலையைக் கெடுத்துராதீக."