காயடிப்பு ஒத்திவைப்பு

உலக நாடுகள் சற்றே பொறுத்திருக்க வேண்டும். நாசரேத்தின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜெயசிங் அவர்களின் ஆண் குதிரைக்குட்டிக்கு என்றைக்குக் காயடிப்பது என்ற மாபெரும் முடிவு இன்று அறிவிக்கப்படவிருந்தது.

தொழுவத்தில் குட்டியின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்த கால்நடை மருத்துவர் ஷீஜா நிமிர்ந்தார்.

"ஒரு விதை இன்னும் கீழ எறங்கல சார். அடுத்த மாசம் பாப்போம்."

"போன மாசமும் இதத்தான சொன்னீங்க, டாக்டரம்மா? வண்டிப் பந்தயத்துக்குப் பழக்கணும்லா? பொட்டக் குதிரையக் கண்டா மதிலேறிக் குதிக்கான்."

"அவசரப்பட்டு ஒண்ண உள்ள விட்டுட்டா, பொறவு அடங்கவே மாட்டான் சார்."

ஜெயசிங் பள்ளி ஆண்டுவிழாக் குரலில் தீர்ப்பளித்தார்: "அப்பம் ஒத்திவைக்கேன். ஆனா அடுத்த மாசமும் நீங்கதான் வரணும். வேற டாக்டர் எவனும் இவன் மேல கை வைக்கக்கூடாது."

"நானே வாரேன் சார்."

அவர் மனைவி கிரேசி காப்பியோடு தொழுவத்துக்கே வந்தாள். "சீனி கம்மியாத்தான் போட்டிருக்கேன். குடி மக்ளே."

தங்கள் சி.எஸ்.ஐ. சபையை விட்டு மணப்பாட்டு ஆர்.சி. பையனைக் கட்டிக்கொண்ட மகள் இனி தன் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது என்று ஜெயசிங் ஊரறியச் சபதம் செய்திருந்தார். தொழுவத்தைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை.

காப்பியைக் குடித்துவிட்டு ஷீஜா கிளம்பினாள். ஸ்கூட்டர் தெருமுனை திரும்பி மறைந்த பிறகும் ஜெயசிங் கேட்டைப் பிடித்தபடி நின்றார்.

"ஏங்க, அடுத்த மாசமாவது அந்த விதை எறங்கிருமா?" என்றாள் கிரேசி.

"ரெண்டும் எறங்கி ரொம்ப நாளாச்சு, ஏளா."