நாலாம் வகுப்புக்கு ஓர் உதவியாளர்

"எனக்கு எதுக்கு மேடம் உதவியாளர்? நான் என்ன நேத்து வந்த வாத்தியாரா?"

தலைமையாசிரியையின் மேசை மேலிருந்த பேனாக் குவளை அதிர்ந்தது. நாலாம் வகுப்பு ஆசிரியருக்கு இருபத்தோரு வருட அனுபவம். அவர் சாதாரணமாகப் பேசினாலே பக்கத்து வகுப்பில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். பிள்ளைகள் தனக்கு 'இடிமுழக்கம்' என்று பெயர் வைத்திருப்பது அவருக்கும் தெரியும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"உங்க அனுபவத்தை யாரு சார் குறை சொன்னா? வகுப்புல நிலவரம் சரியில்லைன்னு பெத்தவங்க நாலு பேர் வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. ஒரு பருவம் இவங்க உங்ககூட இருக்கட்டும்."

"எல்லாம் அந்த வாலுதான் மேடம்! அவ ஒருத்திய அடக்கிட்டா மிச்சம் முப்பதும் தன்னால அடங்கிடும்."

தலைமையாசிரியை திரும்பினார். ஓரமாக நின்றிருந்த உதவியாளரிடம், "கவனமா பாத்துக்கங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

உதவியாளருக்கு முப்பது வயதிருக்கும். அவர் பேசுவதைக் கேட்க, காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். 'இந்தக் குரலை வச்சுக்கிட்டு இவ எங்க பிள்ளைங்களை மேய்க்கப் போறா!' என்று ஆசிரியர் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் நாளே எல்லாவற்றையும் விளக்கிவிட்டார்.

"மூணாவது வரிசை, ரெட்டைச் சடை. அவதான் வாலு. நான் கணக்கு ஆரம்பிச்சா பென்சிலைக் கீழ போடுவா. எடுக்கிறேன்னு மேசைக்கு அடியில போனா, மணி அடிச்சாத்தான் வெளிய வருவா. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாருங்க."

"சரிங்க சார்."

சொல்லி வாய் மூடவில்லை, பென்சில் விழுந்தது. ஆசிரியர் மூச்சை உள்ளே இழுத்தார். முப்பது பேரும் காதைப் பொத்தத் தயாரானார்கள். அதற்குள் உதவியாளர் அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம்."

"என்னம்மா?"

"எட்டாம் வாய்ப்பாட்டை எப்படிச் சொல்லிக் கொடுத்தா மனசுல நிக்கும்? எனக்கே பாதியில தடுமாறும் சார்."

கிசுகிசுப்பாக வந்த கேள்விக்கு யாரும் கத்திப் பதில் சொல்ல முடியாது. இழுத்த மூச்சு வீணாகப் போயிற்று. ஆசிரியர் குரலை இறக்கிப் பத்து நிமிடம் விளக்கினார். என்ன ரகசியம் பேசுகிறார்கள் என்று வகுப்பு முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கப்போகும் நேரமெல்லாம் உதவியாளருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியலைங்க" என்று ஆசிரியர் ஓய்வறையில் புலம்பினார். "ஒரு நாளைக்கு நாப்பது சந்தேகம்! நான் பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறதா, இவளுக்கு எடுக்கறதா?"

இரண்டாம் மாதம் ஒருநாள் மறுபடியும் பென்சில் உருண்டது. மேசைக்கு மேல் ரெட்டைச் சடையைக் காணோம்.

"சார், எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. நீங்களே கொஞ்சம் எடுத்துக் குடுத்துடுங்களேன்" என்றார் உதவியாளர்.

ஆசிரியர் தொந்தியை அமுக்கிக்கொண்டு குனிந்தார். அடியில் வாலு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க என்ன பண்றே?"

"ஒளிஞ்சிருக்கேன் சார்."

"யாருகிட்டேருந்து?"

அவள் உதடு அசைந்தது; சத்தம் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. மேலேயிருந்து உதவியாளரின் குரல் அவசரமாக வந்தது. "எட்டாம் வாய்ப்பாட்டுகிட்டேருந்து சார்!"

அந்தக் கண்ணைப் பார்த்தபின் அவருக்கு ஏனோ அதட்ட மனம் வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏழெட்டு எவ்வளவு?" என்று மெல்லக் கேட்டார்.

"ஐம்பத்தாறு."

"அடி சக்கை! தெரிஞ்சு வச்சுக்கிட்டா ஒளிஞ்சே?"

வாலு சிரித்தாள். அவரைத் தூக்கி நிறுத்த நாலு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். அதன் பிறகு பென்சில் விழவே இல்லை.

பருவத்தின் கடைசி நாள், ஆசிரியர் உதவியாளரையும் அழைத்துக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்கு வந்தார்.

"பாத்தீங்களா மேடம்? வாலு இப்ப தானா கையைத் தூக்கிப் பதில் சொல்றா! இந்தப் பொண்ணையும் ஒருவழியாத் தேத்திட்டேன். இப்பல்லாம் சந்தேகமே வர்றதில்லை. நல்லா வருவாங்க, நான் வேணும்னா எழுத்துலயே குடுக்கறேன்."

"ரொம்ப நன்றி சார். உங்களாலதான் இது நடந்துச்சு" என்றார் தலைமையாசிரியை.

ஆசிரியர் பூரித்துப்போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். காலடி ஓசை தேயும்வரை காத்திருந்த தலைமையாசிரியை, உதவியாளர் பக்கம் திரும்பினார்.

"முதல் வாரம் நாப்பத்து மூணு தடவைன்னு சொன்னீங்க. இந்த வாரம் எத்தனை?"

"ஒரே ஒரு தடவைதான் மேடம் கத்தினார். அதுவும் ஓடாத மின்விசிறியைப் பாத்து."

"பிரமாதம்! திங்கட்கிழமையிலேருந்து ஆறாம் வகுப்புக்குப் போயிடுங்க. அங்க கணக்கு டீச்சர் டஸ்டரைத் தூக்கி எறியறாங்களாம். அவங்களையும் கொஞ்சம் வழிக்குக் கொண்டுவாங்க."